ஏழாம் பிரிவு

படிவம் ஒன்பது பக்கம்.
வந்தாறுமூலை வளாக வாசலில்
போட்டோகொப்பிக் கடைக்காரன் நூறு ரூபாய் என்றான்,
விஞ்ஞான பீடம் என்றதும் எண்பதாக்கினான்.
இதையும் உதவியில் சேர்க்கலாமா?

கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனம்.
எட்டு வாரப் பயிற்சி, தங்குமிடம் உண்டு.
எங்கள் பீடத்திலிருந்து ஒருவர்.
அறிவித்தல் பலகையில் 'ஒருவர்' என்ற சொல்லின் கீழே
யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்.

ஆறாம் பிரிவு வரை சுலபம்.
வருமானத்துக்கு மட்டும் கிராம சேவகரின் கையொப்பம் வேண்டும்.
அவர் கந்தோரில் இருப்பது செவ்வாயும் வியாழனும்,
நான் ஆய்வுகூடத்தில் நிற்பதும் செவ்வாயும் வியாழனும்.
கிரானிலிருந்து அப்பா போனார்.
தொழில் என்ற இடத்தில்
'மேசன், வேலை இருந்தால்' என்று
எழுதுவித்துக்கொண்டு வந்தார்.

ஏழாம் பிரிவு:
இதுவரை பெற்ற கல்வி உதவிகள்.
மூன்று வரிகளுக்கு மேற்படாமல்.

முதல் வரியில் மகாபொல என்று எழுதினேன்.
அது மூன்று மாதம் பிந்தி வந்ததைச் சொல்ல
வரியில் இடமில்லை.
பிந்திய மாதங்களில் பஸ்ஸுக்கு ஜெஸீமா தந்ததை
எந்த நிதியத்தின் பெயரில் எழுதுவது?

உயர்தரத்தில் எங்களுக்கு அளவி, குழாயி, கூம்புக்குடுவை.
இங்கே முதல் நாளே அளவி பியூரெட் ஆனது,
குழாயி பிப்பெட் ஆனது,
நான் ஊமையானேன்.
செய்முறைக் கொப்பியின் கடைசித் தாளில்
ஜெஸீமா இரண்டு நிரல் கீறினாள்:
இடப்பக்கம் நாங்கள் அறிந்தது,
வலப்பக்கம் அவர்கள் கேட்பது.
நூற்றுப் பதினாலு சொல்.
கொப்பியின் மட்டை போய்விட்டது,
அந்தத் தாள் இருக்கிறது.

பாடும் மீனைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.
நான் வாவியின் உப்பை அளக்கிறவள்.
முகத்துவாரத்திலிருந்து வலையிறவு வரை ஆறு இடம், ஆறு போத்தல்.
வெள்ளிநைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாய் விடவேண்டும்,
மஞ்சள் செங்கல்லாகும் அந்த ஒரு துளியில்
கையை நிறுத்தவேண்டும்.
மாரிகால மின்வெட்டில்
ஆய்வுகூடப் பரமானந்தம் அண்ணன்
வீட்டு ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்தார்.
"உள்ளுக்க ரெண்டு கிலோ மீன் கிடந்தது,
கழுவித்தான் கொண்டுவந்தன்.
உப்புக் கூடினா என்னைச் சொல்லாதீங்க."

காலில் ஒரு வெள்ளிக் கொலுசு இல்லாதவளுக்கு
விரல் பத்திலும் வெள்ளி.
கறுப்பாய்.

பரிந்துரைக் கடிதம் கேட்டேன்.
'எழுதிக்கொண்டு வாங்க,
திருத்திக் கையெழுத்து வைக்கிறன்' என்றார் விரிவுரையாளர்.
ஜெஸீமாவிடமும் அதையே சொல்லியிருந்தார்.
எங்களை நாங்களே எப்படிப் புகழ்வது?
கன்டீன் மேசையில் இரண்டு தேத்தண்ணி ஆறும்வரை
இரண்டு தாளும் வெள்ளையாய்க் கிடந்தன.
பிறகு மாற்றிக்கொண்டோம்.

அவளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
எழுத எழுத எனக்கே விளங்கியது
அந்த 'ஒருவர்' யார் என்று.
அப்போதும் பேனையை நிறுத்தவில்லை,
பொய் சொல்வானேன், ஒரு தடவை நிறுத்தினேன்.

என்னைப் பற்றி அவள் எழுதியிருந்தாள்:
'முடிவுப்புள்ளியை ஒரு துளி தாண்டினால்
தாண்டியதென்றே பதிவாள்.'
கோபம் வந்தது.
தாண்டமாட்டாள் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?
விரிவுரையாளர் இரண்டு கடிதத்திலும்
காற்புள்ளிகளை மட்டும் மாற்றினார்.

முடிவு நாளுக்கு முதல்நாள் இரவு,
இரண்டாம் வரியில் ஜெஸீமா என்று எழுதி, வெட்டினேன்.
போட்டியிலிருப்பவளின் பெயரை எப்படிப் போடுவது?
மூன்றாம் வரியை விட்டுவிட்டேன்.
குழாயியிலிருந்து ஒரு சொட்டு அங்கே விழுந்தது போலும்.
நிறமற்றது, நான் காணவில்லை.

மறுநாள் இரண்டு படிவத்தையும் கையில் பிடித்தபடி
நல்ல வெயிலுக்குள்ளால் நடந்து போனோம்.
எழுதுவினைஞர் என் படிவத்தைப் புரட்டி,
மூன்றாம் வரியில் கறுத்துக் கிடந்த வட்டத்தைத் தொட்டார்.
"இது என்ன?"
ஜெஸீமா முந்திக்கொண்டாள்: "வெள்ளி, சேர்."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார்.
"இண்டைக்குப் புதன், தங்கச்சி" என்று சொல்லி
முத்திரையைக் குத்தினார்.